தானே பூண்ட தளை

நவராத்திரி நாட்களில் மாலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்திற்குச் செல்பவர், அன்று எந்த ராகம் விரிவாகப் பாடப்படும் என்று எவரையும் வினவ வேண்டியதில்லை. முதல் நாளாயின் சங்கராபரணம். இரண்டாம் நாளாயின் கல்யாணி. அடுத்து வரும் நாட்களில் முறையே சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. பாடுபவர் எத்துணைப் பெரிய வித்துவானாயினும் இந்த வரிசையை மாற்றுவதற்கில்லை. அந்தந்த நாளுக்கென்று வகுக்கப்பட்ட கிருதியே அன்றைய கச்சேரியின் உயிர்நிலை. கச்சேரி நடப்பதோ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சரஸ்வதி தேவியின் சந்நிதியில் நடக்கும் வழிபாடு ஆகையால், அவையோர் கைதட்டுவதும் இல்லை.

இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்த ஓர் இசையரங்கில் புதுமைக்கு இடம் ஏது என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வி அந்த ஒன்பது கிருதிகளையும் இயற்றிய மன்னர் சுவாதித் திருநாளையே சென்று சேரும். தாம் இயற்றப் போகும் பாடலுக்கு நாளையும் வரிசையையும் எழுத்தையும் முத்திரையையும் முன்னதாகவே வரையறுத்துக் கொண்டு, அந்த வரையறைக்குள் நின்று பாடியவர் அவர். ஆணையிடும் உரிமை படைத்த ஒருவர், ஆணைகளைத் தம்மீதே இட்டுக்கொண்டது ஏன்? அந்தக் கட்டுகள் அவருடைய இசைக்குச் செய்த நன்மை யாது? இக்கட்டுரையில் நாம் நோக்க இருப்பது இதுவே.

தமிழருக்கு இக்கேள்வி புதியதன்று. செய்யுள் இயற்றுவதை நம் முன்னோர் ‘யாத்தல்’ என்றனர். கட்டுதல் என்பதே அதன் பொருள். ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் முறைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘தளை’. காலில் பூட்டும் விலங்கிற்கும் அதுவே பெயர். பூமாலையின் மலர்களை நூல் கட்டுகிறது. கட்டுவதனாலேயே மாலை மாலையாகிறது. கட்டு என்றவுடன் சிறையை மட்டும் எண்ணாமல் மாலையையும் எண்ணும் வழக்கம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காண, சற்றே மேற்குத் திசைக்குச் சென்று மீள்வோம். சுவாதித் திருநாள் பிறந்தது 1813-ஆம் ஆண்டு, மறைந்தது 1846-இல். ஏறக்குறைய இதே காலத்தில், 1810 முதல் 1849 வரை, வாழ்ந்தவர் போலந்து நாட்டு இசைமேதை பிரெடெரிக் ஷோப்பன். இளமையிலேயே தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, 1831 முதல் பாரிஸ் நகரில் தங்கி, பெரும்பாலும் பியானோ என்னும் ஒரே வாத்தியத்திற்காக இசை இயற்றியவர் அவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் இருவரும் ஒரே வகையான நோன்பை மேற்கொண்டிருந்தனர்.

1839-இல் வெளிவந்த ஷோப்பனின் 24 சிறு முன்னிசைகளை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய இசையில் ஒரு ஸ்தாயிக்குள் 12 சுருதித் தானங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு ‘மேஜர்’, ‘மைனர்’ என்னும் இருவகை அமைப்புகள் எழும். ஆக மொத்தம் 24. ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இருமுறை எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னிசை என்று அவர் வரையறுத்துக் கொண்டார். அவருக்கு முன்பே பாக் என்னும் ஜெர்மானிய மேதை இத்தகைய வரையறையில் இயற்றியிருந்தார். பாக் நடந்த வழியைக் கற்றுணர்ந்த ஷோப்பன், அதே கட்டுக்குள் முற்றிலும் வேறான ஓர் உலகைப் படைத்தார். சில முன்னிசைகள் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். சில ஐந்து நிமிடம் வரை நீளும். கட்டு ஒன்றே, கட்டப்பட்டவை ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

1833-இல் வெளிவந்த அவருடைய 12 பயிற்சி இசைகளுள் ஒன்றில் நிபந்தனை இதனினும் கடுமையானது. வலக்கை ஏறக்குறைய முழுவதும் பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டுமே தொடவேண்டும். ஒரே ஓரிடத்தில்தான் வெள்ளைக் கட்டைக்குச் செல்கிறது. ஒரு ஸ்தாயியில் கறுப்புக் கட்டைகள் ஐந்தே அல்லவா? அந்த ஐந்தையும் கொண்டு நீர் துள்ளுவது போன்ற ஓர் இசையை அவர் எழுப்பினார்.

வீட்டில் ஹார்மோனியம் வைத்திருக்கும் அன்பர்கள் இங்கே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஹார்மோனியத்திலும் பியானோவிலும் கட்டைகளின் அமைப்பு ஒன்றே. கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்கும். இரண்டாக நிற்பவற்றுள் முதலாவது, நம் பாடகர்கள் ஒன்றரைக் கட்டை என்று சொல்வது. அதை ஷட்ஜமாகக் கொண்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துக்கொண்டு போனால், ச ரி ம ப த என்னும் ஐந்து சுரங்கள் எழும். அது சுத்தசாவேரி. நவராத்திரியின் ஏழாம் நாளுக்கு உரிய ராகம் அதுவே. மூன்றாக நிற்பவற்றுள் முதலாவதை ஷட்ஜமாக்கினால், அதே ஐந்து கட்டைகள் மோகனமாகும். நடுவில் உள்ளதை ஷட்ஜமாக்கினால் மத்தியமாவதியாகும். வெள்ளைக் கட்டைகளைத் தொடுவதில்லை என்ற ஒரு விலக்கு மூன்று ராகங்களை நமக்குக் கொடுத்துவிடுகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கட்டைகள் தருவது சுரங்களின் எலும்புக்கூடு மட்டுமே. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், நின்ற இடத்தில் அசையவும் பியானோவுக்கு வழியில்லை. நம் ராகங்களின் உயிரான கமகம் அதில் பிறவாது. கடல் கடந்து வந்த வாத்தியங்களுள் வயலின் நம் இசையோடு ஒன்றிக் கலந்ததற்கும், பியானோ அயலாகவே நின்றுவிட்டதற்கும் இதுவே முதற்காரணம். அந்த வயலின் திருவனந்தபுரத்தில் பெற்ற ஆதரவைப் பின்னர்க் காண்போம்.

இனி சுவாதித் திருநாளிடம் திரும்புவோம். இராம வர்மா என்னும் இயற்பெயர் கொண்ட இவர், சுவாதி நட்சத்திரத்தில் பிறந்தமையால் சுவாதித் திருநாள் எனப் பெயர் பெற்றார். தாயார் கௌரி லட்சுமி பாய் 1815-இல் மறைந்தார். சிறிய தாயார் கௌரி பார்வதி பாய் நாட்டை ஏற்று நடத்த, குழந்தை கல்வியில் வளர்ந்தது. ஆசிரியர்களுள் ஒருவர் தஞ்சையிலிருந்து வந்த சுப்பராவ். ஆங்கிலமும் இசையும் அறிந்தவர். சம்ஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் மன்னர் பிற்காலத்தில் பாடல் இயற்றினார் என்பதிலிருந்து அக்கல்வியின் பரப்பை உணரலாம். 1829-இல், பதினாறாம் வயதில், அரசுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1837-இல் வானாராய்ச்சிக் கூடம் ஒன்றும் அந்நகரில் தோன்றியது.

இவ்வாறு தொடங்கிய ஆட்சி முழுச் சுதந்திரமுடைய ஆட்சியன்று. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்திருந்தது. கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கண் எப்போதும் அரசின்மீது இருந்தது. 1840-இல் அப்பதவிக்கு வந்த ஜெனரல் கல்லனின் தலையீடு மன்னருக்குப் பெருந்துயர் விளைத்ததென வரலாற்றாசிரியர் கூறுவர். நாட்டை ஆளும் காரியத்தில் அவர் விரும்பாத தளைகள் பல அவர்மீது விழுந்தன. இசையிலோ, அவர் பூண்ட தளை ஒவ்வொன்றும் அவரே தேர்ந்தெடுத்தது. இந்த வேறுபாட்டை உள்ளத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதலாவது தளை எழுத்தைப் பற்றியது. ‘முகனாப்ராஸ அந்த்யப்ராஸ வியவஸ்தா’ என்னும் சம்ஸ்கிருதச் சிறு நூல் ஒன்றைச் சுவாதித் திருநாள் எழுதியுள்ளார். இசைப் பாடலின் சாகித்தியத்தில் எழுத்தொப்புமை எங்கெங்கு எவ்வாறு அமைய வேண்டும் என்று வரையறுப்பது அந்நூல். அதில் வரும் சொற்கள் அயலாகத் தோன்றினும், பொருள் நமக்கு மிக நெருங்கியது. முகனம் என்பது முதலெழுத்தின் ஒப்புமை. நம் மோனையோடு ஒத்தது. ப்ராஸம் என்பது இரண்டாம் எழுத்தின் ஒப்புமை, நம் எதுகை. அந்த்யப்ராஸம் என்பது இறுதி ஒப்புமை, நம் இயைபு. பள்ளியில் யாப்பிலக்கணம் கற்ற எந்தத் தமிழரும் இந்நூலின் பொருளை எளிதில் உணர்ந்துகொள்வர்.

இங்கே வியக்கத்தக்கது ஒன்று உண்டு. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றுபட வேண்டும் என்ற கட்டாயம் வடமொழி யாப்பில் இல்லை. அது தமிழும் தெலுங்கும் கன்னடமும் போற்றி வளர்த்த தென்னாட்டு வழக்கு. காளிதாசன் எதுகை தேடி அலைந்ததில்லை. ஆகவே சம்ஸ்கிருதத்தில் பாடல் இயற்றும் ஒருவர் இந்தச் சுமையை ஏற்க வேண்டிய தேவையே இல்லை. சுவாதித் திருநாள் அதை ஏற்றார்; ஏற்றதோடு நில்லாமல் விதியாகவும் எழுதி வைத்தார். எதுகை வைத்துக் கிருதி செய்யும் மரபை அவர் தோற்றுவித்தார் என்று கூறுவதற்கில்லை. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் அவ்வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள். நடைமுறையில் இருந்த வழக்கை ஆராய்ந்து, அதன் இலக்கணத்தை வெளிப்படையாக வகுத்துக்கொண்டு இயற்றினார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

எதுகையால் பாட்டுக்கு என்ன பயன்? தாளம் சுழன்று வரும்போது, ஒரே ஓசை உரிய இடத்தில் மீண்டும் வந்து விழுகிறது. மொழி அறியாதவர் செவிக்கும் ‘இது பல்லவியின் துணை, இது அனுபல்லவி’ என்று அந்த ஓசை சொல்லிவிடுகிறது. மனப்பாடம் செய்பவருக்கு அது கைப்பிடிச் சுவர் போன்றது. ஓரடி மறந்தாலும், அது எந்த எழுத்தோடு தொடங்க வேண்டும் என்பது மறவாது.

இரண்டாவது தளை முத்திரை. பாடலில் இயற்றியவரின் அடையாளமாக ஒரு சொல் அமைவது நம் சங்கீத மரபு. தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். தீட்சிதர் ‘குருகுஹ’ என்றார். சியாமா சாஸ்திரிகள் ‘சியாமகிருஷ்ண’ என்றார். சுவாதித் திருநாள் தம் பெயரை வைக்கவில்லை. குலதெய்வமாகிய பத்மநாபனின் பெயரை வைத்தார். இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்தார். திருப்படி தானம் என்று அதனைக் கூறுவர். அதுமுதல் திருவிதாங்கூர் அரசர்கள் தம்மைப் பத்மநாபதாசர் என்றே அழைத்துக்கொண்டனர். நாடு தெய்வத்தினுடையது, அரசன் அதன் ஊழியன். நாட்டில் அரசன் பெயர் இரண்டாம் இடத்திற்குச் சென்றது போலவே, பாட்டிலும் சென்றது.

பத்மநாபன் என்ற ஒரே பெயரை நூற்றுக்கணக்கான பாடல்களில் வைப்பது எளிதன்று. எதுகை விதியும் உடன் நிற்கிறதல்லவா? இங்கேதான் ஒரு தளை மற்றொரு தளைக்கு வழிதிறக்கிறது. பத்மம் என்றால் தாமரை. வடமொழியில் தாமரைக்குப் பெயர்கள் பல. ஆகவே பங்கஜநாபன், சரசிஜநாபன், கமலநாபன், ஜலஜநாபன், அப்ஜநாபன் என்று பெயர் மாறி மாறி வருகிறது, பொருள் மாறுவதில்லை. ‘ரகர’ எதுகையாயின் சரசிஜநாபன் பொருந்துவான். ‘மகர’ எதுகையாயின் கமலநாபன். ‘லகர’ எதுகையாயின் ஜலஜநாபன். எழுத்தும் முத்திரையும் சேர்ந்து நெருக்கும்போது சொல்வளம் பெருகுகிறது. நெருக்கடி இல்லாதிருந்தால் ஒரே பெயர் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

மூன்றாவது தளை ராக வரிசை. நவராத்திரியின் ஒன்பது கிருதிகளையும் ஒரு தொகுதியாக வைத்து நோக்கினால், அவ்வரிசையின் நுட்பம் புலப்படும். முதல் ஐந்து நாட்களில் விரிவான ஆலாபனைக்கு இடம் தரும் பெரிய ராகங்கள் நிற்கின்றன. ஆறாம் நாள் பந்துவராளியில் பிரதி மத்தியமம் இரக்கச் சுவையோடு ஒலிக்கிறது. அதை அடுத்து, ஏழாம் நாள், காந்தாரமும் நிஷாதமும் இன்றி ஐந்தே சுரங்களோடு சுத்தசாவேரி வருகிறது. கனத்த உணவுக்குப் பின் தெளிந்த நீர் போல. பின்னர் வளைந்து வளைந்து செல்லும் நாட்டக்குறிஞ்சி. இறுதி நாளன்று, ஏறும்போது ஐந்து சுரமும் இறங்கும்போது ஏழு சுரமுமாக, உற்சாகம் ததும்பும் ஆரபி. ஒன்பது மாலைகளையும் ஒரே கச்சேரி போல் அமைத்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு படைப்பிலும் இத்திறம் தெரிகிறது. ‘பன்னகேந்திர சயன’ என்னும் ராகமாலிகையில், தலைவனைப் பிரிந்த தலைவியின் ஓர் இரவு எட்டுப் பொழுதுகளாக நகர்கிறது. பொழுதுக்கு ஒரு ராகம் என எட்டு ராகங்கள். சங்கராபரணத்தில் தொடங்கி, காம்போதி, நீலாம்பரி, பைரவி, தோடி, சுரட்டி, நாதநாமக்கிரியை வழியாகச் சென்று, வைகறைக்கு உரிய பூபாளத்தில் முடிகிறது. துயில வேண்டிய வேளையில் தாலாட்டுக்கு உரிய நீலாம்பரி வருகிறது. தலைவிக்கோ துயில் இல்லை. ராகத்தின் இயல்பும் அவள் நிலையும் எதிரெதிராக நிற்கும் அவ்விடத்தின் நயத்தை விளக்க வேறு சொல் வேண்டியதில்லை. பூபாளம் வரும்போது விடிந்துவிட்டது என்பது கேட்பவர் நெஞ்சுக்குத் தானே தெரிகிறது. கடிகாரம் போல் இறுகிய ஒரு திட்டத்திலிருந்து எவ்வளவு இரக்கம் சுரக்கிறது!

இத்தகைய மன்னரின் அவையில் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் பலர் இடம்பெற்றதில் வியப்பில்லை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். பரதநாட்டியக் கச்சேரியின் வரிசை முறையை ஒழுங்கு செய்தவர்கள். அவர்கள் தஞ்சையை விட்டுத் திருவனந்தபுரம் வந்தபோது மன்னர் வரவேற்று ஆதரித்தார். நால்வருள் இளையவரான வடிவேலு வயலினில் தேர்ந்தவர். 1834-ஆம் ஆண்டில் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஐரோப்பாவில் பிறந்த ஒரு வாத்தியம், தஞ்சைத் தமிழர் கையில், மலையாள நாட்டு அரசவையில், சம்ஸ்கிருதக் கிருதிக்குப் பக்கவாத்தியமாக ஒலித்தது. பிழைப்பும் கலையும் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற தமிழரின் வரலாற்றில் இது மறக்கத்தகாத பக்கம்.

1846-இல், 33-ஆம் வயதில், சுவாதித் திருநாள் மறைந்தார். அவருக்குப் பின் நிகழ்ந்ததே நம் கேள்விக்கு உண்மையான விடை தருகிறது. ஆதரித்த மன்னர் போனபின் அவையும் கலைந்தது. பாடல்களுள் பல வழக்கொழிந்தன. நவராத்திரி மண்டபத்திலும் கோயிலிலும் பாடி வந்த முல்லமூடு பாகவதர்கள் போன்றோர் மரபாகக் காத்தவை ஒருபுறம் இருக்க, பெரும்பாலானவற்றின் வர்ணமெட்டுகள் மறைந்துபோயின. ஏட்டிலும் அச்சிலும் எஞ்சியவை சாகித்தியமும், இன்ன ராகம் இன்ன தாளம் என்ற குறிப்பும் மட்டுமே.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1939-இல் திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் ஒரு சங்கீதக் கலாசாலை தொடங்கியது. 1962-இல் அது சுவாதித் திருநாள் பெயரைப் பெற்றது. அதன் முதல் தலைவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவரும் தளையை விரும்பிப் பூண்டவரே. மைசூர் சாமுண்டீசுவரி அம்மனின் 108 நாமங்களுக்கும் நாமத்திற்கு ஒன்றாக 108 கிருதிகள் இயற்றியவர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு வகித்தவர் தஞ்சை மாவட்டத்துச் செம்மங்குடி சீனிவாச ஐயர். இவ்விருவரும் பழைய மெட்டுகளைத் தேடித் திரட்டினர். மெட்டு மறைந்த இடங்களில் தாமே மெட்டமைத்தனர். இன்று உலகெங்கும் ஒலிக்கும் சுவாதித் திருநாள் கிருதிகள் பல, மன்னரின் சாகித்தியமும் இவர்களின் இசையமைப்பும் கூடியவை.

இதனால் ஒரு வழக்கும் எழுந்தது. 1980-களில் வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர், சுவாதித் திருநாள் என்றொரு வாக்கேயக்காரரே இருந்ததில்லை என்னும் அளவுக்குச் சென்று வாதிட்டார். ஆராய்ச்சியாளர் பலர் அதை ஏற்கவில்லை. மெட்டுகள் எத்துணை பழமையானவை என்ற வினா மட்டும் நியாயமான வினாவாகவே நின்றது. நாமும் அதை மறைக்க வேண்டுவதில்லை. மெட்டு ஒருவருடையதா இருவருடையதா என்று ஐயம் எழுந்த இடத்திலும் எழுத்து ஐயமின்றி நிற்கிறது. அதே முத்திரை, அதே எதுகை விதி, நாளுக்கும் பொழுதுக்கும் ராகத்தைப் பொருத்தும் அதே திட்டம். பாடுபவர் நாவில் வாழ்ந்த மெட்டு மறைந்துபோனது. கட்டுக்குள் அமைந்த பகுதி நிலைத்தது. இன்ன நாளுக்கு இன்ன ராகம் என்று கட்டியிருந்தமையால், ஆண்டுதோறும் அந்த நாள் வந்தபோது அந்த ராகமும் வந்தே தீரவேண்டியதாயிற்று. மறதிக்கு எதிராக இசைக்கு இடப்பட்ட வேலியாக அந்தத் தளை அமைந்தது.

இவ்வளவு கூறியபின் கட்டு எல்லாம் நன்று என்று முடித்துவிட்டால், அது உண்மைக்கு மாறாகும். தானே பூண்ட தளை வேறு. பிறர்மேல் பூட்டிய தளை வேறு. அதே நவராத்திரி மண்டபத்தில் நெடுங்காலமாகப் பெண்கள் பாட இடமில்லாதிருந்தது. கலைமகளின் சந்நிதியில், தேவியைத் தாயே என்று விளிக்கும் கிருதிகளைப் பெண்குரலில் கேட்கும் வாய்ப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இல்லை. 2006-ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் மாறியது. அன்று அங்கே அமர்ந்து பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். சுவாதித் திருநாள் பெயரால் வழங்கும் அக்கலாசாலையில் சேர்ந்து பயின்ற முதல் மாணவி அவரே. மண்டபத்தில் பாடியபோது அவருக்கு வயது 81. 2021-இல் அவர் மறைந்தார்.

அந்த மாலையில் நடந்ததைக் கூர்ந்து நோக்குக. பொன்னம்மாள் ராக வரிசையை மாற்றவில்லை. அந்நாளுக்குரிய கிருதியை மாற்றவில்லை. மன்னர் தம் கலைக்காகத் தமக்கே இட்டுக்கொண்ட விதிகள் அனைத்தையும் அவர் காத்தார். வழக்கத்தின் பெயரால் பிறர்மேல் விழுந்திருந்த விலக்கு மட்டும் நீங்கியது. நீங்கியதால் இசைக்குக் குறை ஒன்றும் நேரவில்லை. அரங்கு நிறைவே பெற்றது. எந்தக் கட்டைக் காப்பது, எந்தக் கட்டை அவிழ்ப்பது என்று தெரியாமல் தடுமாறும்போது இந்நிகழ்ச்சியை நினைத்துக்கொள்வது நன்று. கட்டு அவிழ்ந்தபின் கலை வளர்ந்ததா, தளர்ந்ததா என்று பார்த்தால் போதும்.

நவராத்திரிக்கு முன் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பயணத்தோடு இதனை முடிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரகோயிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் எழுந்தருள்கின்றனர். கம்பர் வழிபட்ட கலைமகளே அத்தேவி என்பது வழிவழி வரும் நம்பிக்கை. 1956 நவம்பர் முதல் நாள் அவ்வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. களியக்காவிளையில் மாநில எல்லை எழுந்தது. எல்லை எழுந்த பின்னும் ஊர்வலம் நிற்கவில்லை. விழா முடிந்ததும் தெய்வங்கள் தத்தம் ஊர் திரும்புகின்றன. போவதும் வருவதும் நாள் தவறாது நடப்பதால், எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்க்கு அந்த உறவு அறுபடாமல் இருக்கிறது.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மில் பலர், எவரும் கட்டாயப்படுத்தாமலேயே சில விதிகளை நமக்கு இட்டுக்கொண்டிருக்கிறோம். வாசலில் கோலம் இடுவது, நவராத்திரியில் கொலு வைப்பது, வீட்டிற்குள் குழந்தைகளோடு தமிழில் பேசுவது ஆகியன யாரும் நம்மீது பூட்டியவை அல்ல. அவை சில வேளை சுமையாகவும் தோன்றும். அப்போது திருவனந்தபுரத்து மன்னரை நினைத்துப் பார்க்கலாம். தேவையே இல்லாத எதுகையை அவர் வடமொழிப் பாட்டில் ஏற்றுக்கொண்டார். மெட்டுகள் மறைந்த பிறகும் பாட்டை அடையாளம் காட்டியது அதுதான். இந்த ஆண்டும் நவராத்திரி ஏழாம் நாள் மாலையில், பாடுபவர் யாராயினும், அந்த மண்டபத்தில் சுத்தசாவேரி எழும். அந்த நேரத்தில் எங்கிருந்தாலும், நம் வீட்டு ஹார்மோனியத்தின் ஐந்து கறுப்புக் கட்டைகளில் அதன் சாயலையேனும் நாம் எழுப்பிக் கேட்கலாம்.